ஓரத்தில் தெரிந்த மஞ்சள்

டிவிடியில் படம் மங்கலாக வந்தால் ஜனங்கள் முதலில் கேமராக்காரனைத்தான் திட்டுவார்கள். பாவம், அவன் ஒழுங்காகத்தான் எடுத்திருப்பான். தப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகு, கம்ப்யூட்டரில் நடக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இருபத்தாறு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நீங்கள் பேப்பரும் பேனாவும் கொடுத்து உட்கார வைத்திருப்பதால் இன்றைக்காவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன், மேடம். டீக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

என் பெயர் மனோகரன். கள்ளிக்குப்பத்தில் மனோ வீடியோ என்று கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் எடுப்பேன். எடுப்பதும் நான், எடிட் செய்வதும் நான், டிவிடி போடுவதும் நான். ஆள் வைத்துக்கொள்வதில்லை. அடுத்தவன் கை ஆடும். என் கை ஆடாது. ஸ்டாண்டு இல்லாமல் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாலும் படம் சுவரில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி இருக்கும். அம்பத்தூரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கேமராவை ஓடவிட்டால் டேப் முடியும்வரை நிறுத்தமாட்டேன். அந்தக் காலத்துக் குட்டி டேப்பில் ஒவ்வொரு தடவை நிறுத்தி ஓட்டும்போதும் நடுவில் ஒரு வெட்டு விழும். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அங்கே போய் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அதனால் நான் இடம் மாறினாலும், தண்ணீர் குடித்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வேண்டாததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். படத்தை வேண்டுமென்றே கெடுத்தாயா என்பது முதல் கேள்வி. இரண்டாவதைக் கடைசியில் எழுதுகிறேன். முதல் கேள்விக்குப் பதில், இல்லை. நான் ஒரு ஃப்ரேம்கூட வெட்டவில்லை. சாப்ட்வேரைத்தான் மாற்றினேன்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டேப்பில் இருக்கும் படம் அப்படியே டிவிடியில் உட்காராது. நசுக்கித்தான் ஏற்ற வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று முடிவு செய்வது சாப்ட்வேர். என்னிடம் அப்போது இரண்டு இருந்தன. ஒன்று காசு கொடுத்து வாங்கிய பெரிய சாப்ட்வேர். அது படத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்து, அசைகிற இடத்துக்கும் இருட்டு மூலைக்கும் வேண்டிய இடம் ஒதுக்கிக் கொடுக்கும். புடவை ஜரிகையில் இழை எண்ணலாம். இன்னொன்று கம்ப்யூட்டரோடு ஓசியில் வந்தது. அதற்கு முகமும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். கொஞ்சம் இருட்டாக இருந்தால் எல்லாவற்றையும் சாம்பல் கட்டம் கட்டமாக ஆக்கிவிடும். டிவி படம் மெல்லிய குறுக்குக் கோடுகளாக வரும், அந்த வரிகளை முன்பின் மாற்றி அடுக்கிவிடும். அதனால் யாராவது நடந்தால் அவருக்குப் பின்னால் அவரே இன்னொரு தடவை நடந்து வருகிற மாதிரி ஒரு நிழல் விழும். அதை வைத்து வேலை பார்க்கிற கடைகளில், பேய் அடிச்சா மாரி கீதுன்னு வாடிக்கையாளர்கள் திட்டுவார்கள். ஓசி சாப்ட்வேரை நான் தொடுவதே இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு வேலைக்குத்தான் தொட்டேன்.

அந்த வேலை இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், பாரிவாக்கத்தில் நடந்த கிரகப்பிரவேசம். ஜெகதீசன் சார் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினாலு வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு முதல்முதலாகச் சொந்த வீடு கட்டியிருந்தார். அவர் மனைவி ரேணுகா. ஒரே பெண், கிருஷ்ணப்பிரியா, நாலு வயது. மஞ்சள் பட்டுப்பாவாடை, தலையில் கனகாம்பரம். ராத்திரியே மருதாணி வைத்திருந்தார்கள் போல, கையைக் கேமராவுக்குக் காட்டிக் காட்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

வீடு கட்டிய மேஸ்திரி உத்தமன். பாரிவாக்கத்துக்காரர்தான். அவருடைய அப்பா அந்த மனை இருந்த நிலத்திலேயே கூலிக்கு நாற்று நட்டவர் என்று பிற்பாடு தெரிந்தது. வாசலுக்கு இடது பக்கம் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, நாம் சம்ப்பு என்று சொல்வது. அதற்கு மூடி இன்னும் வார்க்கவில்லை. முகூர்த்தம் தள்ளிப்போகக் கூடாது என்று வீட்டு வேலை முடியாமலே விசேஷம் வைத்துவிட்டார்கள். முதல் நாள் லாரித் தண்ணீர் விட்டுச் சம்ப்பு நிரம்பியிருந்தது.

முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரைக்குள். தை மாதத்து விடியல், பனி விலகவில்லை. வாசலில் ஒரு பல்பு. மாடும் கன்றும் வந்துவிட்டன. எனக்குக் கிரகப்பிரவேசத்தில் பிடித்ததே அந்த ஒரு ஷாட்தான். மாடு வாசற்படியில் முன்னங்காலை வைக்கிற நேரம். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் அத்தனை சொந்தக்காரர்களும் முன்னால் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். தலைகளுக்கு மேலே தெரிய வேண்டும் என்றால் எனக்கு உயரம் வேண்டும். இரண்டு காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து, மேலே ஒரு பலகை போட்டு ஏறி நின்றேன். கட்டி முடிக்காத வீட்டில் பலகைக்கா பஞ்சம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஷாட் அருமையாக வந்தது. பிறகு உள்ளே போய்ப் பால் பொங்குவதை எடுத்தேன். பொங்கியதும் ரேணுகா அம்மா, "பிரியாவைக் கூப்பிடுங்க, முதல் பால் அவளுக்குத்தான்" என்றார்கள். ஆளுக்கொரு திசையில் கூப்பிட்டார்கள். மாடிக்குப் போனார்கள், தெருவுக்குப் போனார்கள். சம்ப்பைப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அதைப் பற்றி நான் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். உங்கள் பழைய ஃபைலில் இருக்கும்.

சம்ப்பு திறந்து கிடந்தது. உத்தமன் தலையில் அடித்துக்கொண்டார். "சாமி சத்தியமா சென்ட்ரிங் பலகை போட்டு மூடுனேன் சார், மேல ரெண்டு செங்கல்லு வச்சேன், காலைல அஞ்சு மணிக்குப் பாத்தப்போகூட இருந்துச்சு" என்று கத்தினார். பலகை சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. நாங்கள் வரும்போதே திறந்துதான் கிடந்தது என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தர் சொன்னதும் நாலு பேர் சொன்னார்கள். என்னையும் கேட்டார்கள். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். ஜெகதீசன் சார் உத்தமனை அடித்தார். யாரும் தடுக்கவில்லை.

மறுவாரம் டேப்பில் இருப்பதை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே டிவிடி போட்டுக் கொடு என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். கடையில் உட்கார்ந்து, பெரிய சாப்ட்வேரில் ஏற்றிப் போட்டுப் பார்த்தேன். டேப் கண்ணாடி மாதிரி இருந்தது. இருபத்தோராவது நிமிஷத்தில் கேமரா ஸ்டாண்டில் தனியாக நின்று ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தின் இடது ஓரத்தில் சம்ப்பு. மேலே பலகை, அதன்மேல் இரண்டு செங்கல். ஒரு ஆள் படத்துக்குள் வருகிறான். செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைக்கிறான். பலகையைத் தூக்கி, தூசி தட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறான்.

அது நான்தான். என் சட்டை எனக்குத் தெரியாதா.

யோசித்துப் பாருங்கள், மேடம். நான் கொலைகாரனா? நல்ல படம் எடுப்பதற்காக ஒரு பலகையை எடுத்தேன். ஷாட் முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். எனக்கும் அப்போது வீட்டில் கைக்குழந்தை. மேஸ்திரிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, சாட்சி இல்லாத கேஸ், தள்ளுபடி ஆகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தருக்கும் கெடுதல் இல்லாமல் முடியப்போகிற விஷயத்தில் நான் ஏன் போய்த் தலையைக் கொடுக்க வேண்டும்? பெரிய சாப்ட்வேரை மூடினேன். ஓசி சாப்ட்வேரைத் திறந்தேன்.

அதில் தரம் என்று ஒரு பட்டன் இருக்கும். நல்லது, சுமார், நீளம் என்று மூன்று. நீளம் என்பது ஆறு மணி நேரப் படத்தை ஒரே தட்டில் திணிப்பதற்கு. ஒரு மணி நேர டேப்புக்கு அது தேவையே இல்லை. அதை அழுத்தினேன். அரை மணி நேரத்தில் டிவிடி வெளியே வந்தது. இருபத்தோராவது நிமிஷத்தைப் போட்டுப் பார்த்தேன். இடது ஓரத்தில் சாம்பல் கட்டங்கள். அதற்குள் கறுப்பாக ஒன்று குனிந்து நிமிர்கிறது, அதன் பின்னாலேயே இன்னொரு கறுப்பு குனிந்து நிமிர்கிறது. மனிதனா, துணி காற்றில் ஆடுகிறதா என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. சத்தமும் இல்லை. ஸ்டேஷனில் ஏன் என்று கேட்டதற்கு மைக் ஒயர் கழன்றுவிட்டது என்றேன். இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான்.

கேஸ் தள்ளுபடி ஆகவில்லை. கோர்ட்டில் ஒரு பெரிய டப்பா டிவியில் அந்த டிவிடியைப் போட்டார்கள். பழைய டப்பா டிவிக்கு ஒரு குணம் உண்டு. படத்தின் நாலு ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்கு விழுங்கிவிடும். ஆக, மிச்சம் இருந்த சாம்பல் கட்டங்களிலும் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. மேஸ்திரியின் வக்கீல் டிவியின் மேலேயே போய் விழுந்து பார்த்தார். இதைவிடத் தெளிவாக வராதா என்று என்னைக் கேட்டார்கள். வெளிச்சம் போதவில்லை ஐயா, டேப்பே அப்படித்தான் என்றேன். அந்த டேப் எங்கே என்றார்கள். அதன்மேல் வேறு கல்யாணம் எடுத்துவிட்டேன் என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், ஒரே டேப்பில் நாலைந்து விசேஷம் எடுப்போம். நம்பினார்கள். உத்தமனுக்கு ஒன்றரை வருஷம் கொடுத்தார்கள்.

டேப்பை நான் அழிக்கவில்லை. அவ்வளவு நல்ல படத்தை அழிக்க மனம் வரவில்லை. பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் அரிசியைப் போட்டு அதற்குள் வைத்திருந்தேன். டேப் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வருஷம் ஒரு தடவை, தை மாதத்தில், முழுசாக ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வைப்பேன். போட்டுப் பார்ப்பதில்லை. சுற்றுவதோடு சரி.

ரேணுகா அம்மாவுக்கும் அதே ஓசி டிவிடியில் ஒரு காப்பிதான் கொடுத்தேன். ஸ்டேஷனில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வேறுவேறாக இருந்தால் நன்றாக இருக்காது. ஒவ்வொரு தை மாதமும் அவர்கள் அதைப் போட்டுப் பார்ப்பார்களாம். ஒரு தடவை கடைக்கு வந்து, "அண்ணா, அதுல பிரியா நடக்கும்போது அவ பின்னாடியே இன்னொரு பிரியா வர மாதிரி இருக்கு. அதை மட்டும் சரி பண்ணிடாதீங்கண்ணா. தனியாப் போகலைன்னு நெனைச்சுக்கறேன்" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மானிட்டரில் கோளாறு ஆரம்பித்தது. எந்த விசேஷத்தைப் போட்டாலும் படத்தின் இடது ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒன்று தெரியும். முதலில் மானிட்டரை மாற்றினேன். மூன்று மானிட்டர் மாற்றினேன். கேமராவையும் மாற்றினேன். ஆவடியில் ஒரு கல்யாணம், அந்தப் பக்கம் வாழைமரம் கட்டியிருந்தார்கள், அதுவாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாழைமரம் கையைக் காட்டாது. கடைசியில் எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெட்டிவிட்டுத்தான் டிவிடி போடுவது என்று வைத்துக்கொண்டேன். பெரியப்பா பாதி முகத்தோடு நிற்கிறார், சித்தியைக் காணோம் என்று சண்டைக்கு வருவார்கள். என்ன செய்வது.

உத்தமன் வெளியே வந்த பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தார். பாரிவாக்கத்தில் இருக்க முடியாமல் கோவில்பதாகையில் வாடகைக்குப் போயிருந்தார். புள்ளய முழுங்குன மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள், யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாத்தே, அந்தப் படத்த ஒருதபா போட்டுக் காட்டேன்."

போட்டேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இருபத்தோராவது நிமிஷம் வந்தது, போயிற்று.

"ஒண்ணியும் தெர்லியே."

"வெளிச்சம் பத்தல மேஸ்திரி."

"பலக போட்டேன்னுதான் இத்தினி நாளா சொல்லிகினு வந்தேன். இப்ப எனக்கே டவுட்டா கீது அண்ணாத்தே. காலைல எந்திரிச்சா போட்டா மாரி கீது. பொழுது சாய்ஞ்சா போடலியோன்னு கீது. செங்கல்லு வச்சது நெஞ்சுல நிக்குது. ஆனா அது வேற ஊட்டுல வச்சதோ இன்னாவோ."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. தண்டனையும் முடிந்துவிட்டது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் பட்டது. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "மறந்திருப்ப மேஸ்திரி. விசேஷ நாளு, ஆயிரம் வேல. மன்சன்தானே" என்றேன்.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "அப்டித்தான் இருக்கும்" என்றார். போகும்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு போகிற வருகிற வழியில் எந்த வீட்டைப் பார்த்தாலும் கேட்டைத் திறந்து உள்ளே போய்ச் சம்ப்பு மூடியைக் காலால் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். திருடன் என்று நினைத்து இரண்டு இடத்தில் அடித்துவிட்டார்கள்.

இதெல்லாம் பழைய கதை. இந்த வருஷம் சித்திரையில் அவருடைய மகள் கார்த்திகா வந்தாள். இருபத்துமூன்று வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பிளாஸ்டிக் உறையில் அந்த டிவிடி இருந்தது, வக்கீல் கொடுத்த காப்பி.

"அங்கிள், ஊட்டுக்குப் புது டிவி வாங்குனேன், சொவத்துல மாட்றது. அதுல போட்டா படம் முழுசா தெரியுது. ஓரத்துல யாரோ குனியறா மாரி கீது. அப்பறம் மஞ்சளா இன்னாவோ தெரியுது."

தட்டை டிவி எதையும் விழுங்குவதில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்பாவுக்கு நெஞ்சு முழுக்க சிமெண்டு தூசின்னு சொல்லிட்டாங்க, அங்கிள். ரொம்ப நாள் தாங்காதாம். பலக போட்டனா இல்லியான்னு இதையே கேட்டுகினு கீறாரு. போட்டீங்கப்பான்னு நான் சொன்னா நம்ப மாட்டேன்றாரு. நீங்க இத கிளியர் பண்ணிக் குடுங்க. அவரு தெரிஞ்சிகினு போவணும், அங்கிள். அது ஒண்ணு போதும்."

சாப்ட்வேர் தூக்கிப் போட்டதை எந்தச் சாப்ட்வேராலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்று விளக்கினேன். அதில் பொய் இல்லை, அந்தத் தட்டில் இனி ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்க்கிறேன், வைத்துவிட்டுப் போ என்றேன். சம்புடம் அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு நேர் மேலே பரணில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் நடந்துகொண்டிருக்கிறது என்றேன். கம்ப்யூட்டரில் சாம்பல் கட்டங்களைப் பெரிதாக்கிக் காட்டுவேன். அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நம்பிக்கையோடு பார்ப்பாள். ஒரு தடவை எனக்குக் கேழ்வரகு அடை கட்டிக்கொண்டு வந்தாள், அவள் அம்மா செய்தது. நன்றாக இருந்தது.

ஆடி மாதம் உத்தமன் இறந்துபோனார். நான் மாலையோடு போனேன். தாயம்மாள், அவர் மனைவி, என்னைப் பார்த்ததும், "உன்னியத்தான்யா கேட்டுகினே இருந்தாரு. படத்துக்காரரு வந்தாரான்னு கேட்டுகினே போய்ட்டாரு" என்று அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. நடிப்பு இல்லை, மேடம்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பத்து நாள் கழித்து டிவிடியைத் திரும்ப வாங்கிக்கொண்டுபோன கார்த்திகா, மறுவாரமே திரும்பி வந்தாள். ஆவடியில் ஷர்மிளா என்று ஒரு பெண், வீட்டில் லேப்டாப் வைத்து வீடியோ எடிட் செய்கிறவளாம், அவளிடம் காட்டியிருக்கிறாள்.

"கோச்சிக்காதீங்க அங்கிள். அந்தக்கா இன்னா சொல்லுதுன்னா, கேமரால தப்பே இல்லியாம். ஓசி சாப்ட்வேர்ல, மட்டமான செட்டிங்ல போட்டுக்கீறாங்களாம். இத பண்ணவனுக்கு வேலையே தெரியலன்னு சொல்லிச்சு."

எனக்குச் சுருக்கென்றது. நேற்று லேப்டாப்பைத் திறந்த பெண், எனக்கு வேலை தெரியவில்லை என்கிறது. கார்த்திகா அதை நம்பவும் நம்பிவிட்டாள், அவள் முகத்திலேயே தெரிந்தது. இத்தனை வருஷம் ஒரு தப்பு சொல்ல முடியாதபடி வேலை பார்த்தவன் நான். அவள் போனதும் பரணிலிருந்து சம்புடத்தை இறக்கினேன். அரிசியை உதறினேன். டேப்பை ஏற்றி, பெரிய சாப்ட்வேரில், எவ்வளவு தரம் கூட்ட முடியுமோ அவ்வளவும் கூட்டி, வரிகளைச் சரியாக அடுக்கி, சத்தத்தையும் சேர்த்து ஒரு டிவிடி போட்டேன். இடது ஓரத்தை வெட்டவில்லை. நான் போட்டதிலேயே நல்ல டிவிடி அதுதான். மறுநாள் நானே கோவில்பதாகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னான் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வேலை தெரியும் என்று காட்டினேன், அவ்வளவுதான்.

அவளும் தாயம்மாளும் என் எதிரிலேயே போட்டுப் பார்த்தார்கள். இருபத்தோராவது நிமிஷத்தில் பலகை, செங்கல், என் சட்டை. கார்த்திகா எழுந்து போய் டிவியில் அந்தச் செங்கல்லைத் தொட்டாள். "அப்பா வச்சுக்கீறாரும்மா. ரெண்டும் வச்சுக்கீறாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

அவள் நிறுத்திவிட்டாள். நீங்கள் நிறுத்தாமல் பார்த்துவிட்டீர்கள். அதனால்தான் இரண்டாவது கேள்வி வந்தது. அந்தக் குழந்தை விழுந்ததைப் பார்த்தாயா என்று கேட்டீர்கள்.

இருபத்துநாலாவது நிமிஷம். மைக் ஒயர் கழலவே இல்லை, அதை நீங்களே கேட்டிருப்பீர்கள். மாடு புதுக் கிரானைட்டைப் பார்த்து, வழுக்கும் என்று தயங்கி நிற்கிறது. எல்லோர் கண்ணும் அதன் காலில். பிரியா கன்றுக்குட்டியைத் தொட ஆசைப்பட்டு மாட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். மாட்டின் முகம் மறைகிறது. அப்போது கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு குரல், அன்பாகத்தான் சொல்கிறது. "பாப்பா, மறைக்காத கண்ணு. அந்தாண்ட போய் நில்லு." ஒரு இடது கை லென்சுக்கு முன்னால் வந்து இடம் காட்டுகிறது. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். மருதாணிக் கையைக் காட்டிக்கொண்டே, நான் காட்டிய பக்கம் பின்னால் பின்னால் நடக்கிறாள். சொன்னால் கேட்கிற பிள்ளை. இடது ஓரத்தில் மஞ்சள் தெரிகிறது. பிறகு தெரியவில்லை.

அதற்கப்புறம் மாடு காலைத் தூக்கிப் படியில் வைக்கப் பதினோரு வினாடி ஆயிற்று.

இருபத்தாறாவது நிமிஷத்தில் நான் கீழே இறங்கிவிட்டேன். கேமரா கையில் தொங்கியபடி ஓடுகிறது, தரையைத்தான் எடுக்கிறது. பலகையின் நுனி தெரியும், திரும்பப் போடத்தான் கொண்டுபோனேன். சம்ப்பின் வாய் தெரியும். தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். பலகையைப் போட்டு மூடினால், குழந்தை எப்படி உள்ளே போனது என்ற கேள்வி வரும். அதனால் சுவரில் சாய்த்து வைத்தேன். உள்ளே பால் பொங்கப்போகிறது என்று கூப்பிட்டார்கள். போனேன்.

ஆனால் பார்த்தாயா என்றால், கோர்ட்டில் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்வேன். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவுக்குள் எனக்கு ஓரம் வரைக்கும் தெரியும் என்பது வேறு விஷயம். பார்த்திருந்தால் பதறியிருப்பேன், மேடம். யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். அந்தப் பதினோரு வினாடியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். என் கை கொஞ்சம்கூட ஆடியிருக்காது.